நிக்கான் எஃப்.எம்.2: ஒரு கல்யாண போட்டோகிராஃபரின் விமர்சனம்

பழைய எஃப்.எம்.2 ஃபிலிம் கேமராவை விற்பவர்கள் எல்லாரிடமும் ஒரு வசனம் இருக்கிறது. "அந்த ஆப்கன் பொண்ணு படம் எடுத்தது இந்தக் கேமராலதான் சார்." நான் வாங்கப் போன இடத்திலும் அதைச் சொன்னார்கள். சொல்லி முடித்த கையோடு விலையும் கொஞ்சம் ஏறியது. தகவல் என்னவோ சரிதான். 1984 டிசம்பரில் பாகிஸ்தானின் பெஷாவர் பக்கம் நாசிர் பாக் அகதி முகாமில், அமெரிக்க போட்டோகிராஃபர் ஸ்டீவ் மெக்கரி இந்த மாடலில் 105 மி.மீ. எஃப் 2.5 லென்ஸ் மாட்டி, கோடக்குரோம் ரோலில் எடுத்த படம் அது. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் வந்தது. அதற்குப் பிறகு சலூன் சுவரில்கூட அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, பிறகு சொல்கிறேன். முதலில் கேமரா.

நான் கும்பகோணத்தில் கல்யாண போட்டோ எடுப்பவன். பிழைப்புக்கு டிஜிட்டல் கேமராக்கள் இருக்கின்றன. ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் படங்கள் எடுத்துத் தள்ளி, அதில் நானூறைத் தேர்ந்தெடுத்து, ஆல்பம் போட்டுக் கொடுப்பது என் வேலை. ரோல் காலத்தின் கடைசிப் பகுதியில் ஒரு ஸ்டூடியோவில் தொழில் பழகினேன். அங்கே எங்களுக்குக் கிடைத்தது எஃப்.எம்.10. பெயர்தான் நிக்கான், செய்துகொடுத்தது கோசினா என்ற வேறொரு ஜப்பான் கம்பெனி. பிளாஸ்டிக் உடம்பு, லேசாக இருக்கும், விலை மலிவு. 1995-இல் வந்த அந்த கேமராதான் எனக்குத் தெரிந்த பல கல்யாண ஆல்பங்களை எடுத்தது. எஃப்.எம்.2 வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள், பெரும்பாலும் பத்திரிகைக்காரர்கள். அந்தப் பழைய ஆசை ஒன்று கிடந்தது. இப்போது கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோடு சேர்த்து இருபத்தைந்தாயிரத்துக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கினேன்.

1982-இல் வெளிவந்த கேமரா இது. 1984-இல் கொஞ்சம் திருத்தி, 'எஃப்.எம்.2 என்' என்று விட்டார்கள். 2001 வரை தயாரிப்பில் இருந்தது. உடம்பு மட்டும் 540 கிராம். முழுக்க உலோகம், கையில் எடுத்ததுமே அது தெரியும். ஷட்டர் முழுவதும் பல்சக்கரத்திலும் ஸ்பிரிங்கிலும் ஓடுகிறது. ஒரு நொடியிலிருந்து நாலாயிரத்தில் ஒரு பங்கு நொடி வரை எல்லா வேகமும் பேட்டரி இல்லாமலே வேலை செய்யும். உள்ளே போடும் இரண்டு பொத்தான் பேட்டரிகள் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்தால் மீட்டர் போகும், கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். 1982-இல் நாலாயிரத்தில் ஒரு பங்கு நொடி என்பது சாதாரணம் இல்லை. அந்த வேகத்துக்காக ஷட்டர் தகடுகளை டைட்டானியத்தில், தேன்கூட்டு வடிவம் பொறித்து மெல்லியதாகச் செய்தார்கள். பிற்பாடு அதையே அலுமினியத்துக்கு மாற்றிவிட்டார்கள். தேன்கூட்டுத் தகடு இருந்தால் கூடுதல் விலை சொல்கிறார்கள். படத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது, அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

எங்கள் தொழில்காரர்கள் இதைக் கொண்டாடியதற்குக் காரணம் வேறு. ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகம் எஃப்.எம்.10-இல் நூற்று இருபத்தைந்தில் ஒன்று. இதில், என் மாடலில், இருநூற்று ஐம்பதில் ஒன்று. பகல் பதினொரு மணிக்கு மண்டப வாசலில் ஊஞ்சல் போட்டிருப்பார்கள். பின்னால் வெயில் கொளுத்தும், பெண்ணின் முகம் நிழலில் கிடக்கும். அங்கே ஃபிளாஷ் போட்டு முகத்தைத் தூக்க வேண்டுமென்றால் இந்த ஒரு ஸ்டாப் வித்தியாசம் பெரிய விஷயம். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. இன்றைக்கு யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அன்றைக்கு இதற்காகவே கடன் வாங்கிக் கேமரா மாற்றியவர்கள் உண்டு.

இனி மீட்டர். எனக்கு இந்தக் கேமராவில் பிடித்த பகுதி இதுதான். வியூஃபைண்டருக்குள் வலப்பக்கம் மூன்று சிவப்பு விளக்குகள். மேலே கூட்டல், நடுவில் வட்டம், கீழே கழித்தல். வட்டம் மட்டும் எரிந்தால் அளவு சரி. கூட்டலும் வட்டமும் சேர்ந்து எரிந்தால் ஒரு ஸ்டாப்புக்குள் வெளிச்சம் அதிகம். கூட்டல் மட்டும் என்றால் அதற்கும் மேலே. கழித்தலுக்கும் இதே கணக்கு. அவ்வளவுதான் அது பேசும். அதன் பேச்சைக் கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு, கிளிக் செய்வதை அது தடுக்காது.

கேட்கக் கூடாத இடங்களும் நம் ஊரில் நிறைய. இந்த மீட்டர் படச் சட்டத்தின் நடுப்பகுதிக்கு அதிக மதிப்பு கொடுத்து, மொத்த வெளிச்சத்தையும் சராசரி பார்த்து, அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டையில் சம்பந்திகள் நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள் என்று வையுங்கள். மீட்டர் வேட்டியைப் பார்த்துவிட்டு "வெளிச்சம் அதிகம், குறை" என்று சொல்லும். குறைத்தால் வேட்டி சாம்பலாகும், முகமெல்லாம் கரியாகும். அங்கே அது சொல்வதைவிட ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டித்தான் எடுக்க வேண்டும். கருங்கல் தூணுக்கு நேர் எதிர். தூண் சட்டத்தை அடைத்திருந்தால் "வெளிச்சம் போதாது" என்று அடம்பிடிக்கும்; கேட்டால் கல் வெளுத்துப்போகும். நான் செய்வது பழைய ஸ்டூடியோ வழி. எடுக்கப் போகிற ஆள் நிற்கும் வெளிச்சத்தில் என் உள்ளங்கையை நீட்டி, அதில் அளவு பார்த்து, ஒரு ஸ்டாப் திறந்துவிடுவேன். எந்தத் தோல் நிறத்துக்கும் முகம் உரிய நிறத்தில் வந்து உட்காரும். டிஜிட்டலில் பின்னால் திரை இருப்பதால் இதெல்லாம் எனக்கே மறந்துபோயிருந்தது. எடு, பார், இருட்டாக இருந்தால் இன்னொன்று எடு என்று பழகிப்போச்சு.

இதை ஒரு நாள் தாராசுரத்தில் வைத்துச் சொன்னால் விளங்கும். எங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலுக்குத்தான் எல்லாரும் கேமராவோடு போகிறார்கள். நானும் அங்கே ஒரு ரோல் முடித்திருக்கிறேன். கல்லில் குதிரையும் தேர்ச்சக்கரமும் காலை வெயிலில் நன்றாகவே வருகின்றன. அதற்கு இந்தக் கேமராதான் வேண்டும் என்றில்லை, போனே போதும். நான் சொல்ல வந்தது கோயிலைத் தாண்டி இருக்கிற பட்டுத்தறி வீடுகளை. தெரிந்த ஒருவர் வீட்டில் குழித்தறி இருக்கிறது. ஓட்டுக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு, பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். ஐ.எஸ்.ஓ. 400 ரோலுக்கு உள்ளங்கை அளவு பார்த்ததில் ஷட்டர் முப்பதில் ஒரு நொடி, லென்ஸ் துளை எஃப் 2.8 என்று வந்தது. அந்த வேகத்தில் மூச்சை அடக்கிப் பிடித்தால்தான் படம் ஆடாது.

ஃபோகஸ் கையால்தான். வியூஃபைண்டர் நடுவில் ஒரு சிறு வட்டம், குறுக்கே இரண்டாக வெட்டியது. ஃபோகஸ் இல்லாவிட்டால் மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி ஒரு பக்கமும் விலகி நிற்கும். வளையத்தைத் திருகத் திருக இரண்டும் வந்து ஒட்டும். அதற்கு நெட்டாக ஒரு கோடு வேண்டும். அவர் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். மனிதர் தறியில் குனிகிறார், நிமிர்கிறார், மிதியை மிதிக்கும்போது தலை கொஞ்சம் முன்னால் வருகிறது. கோடு ஒட்டுகிறது, பிரிகிறது.

"கொஞ்சம் நிறுத்திக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம்ணே, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

"நிறுத்தினாலும் கூலி யாரு குடுப்பா?" என்று சிரித்துவிட்டு மறுபடி நாடாவை எறிந்தார்.

முதல் பத்து நிமிஷம் அவர் முகம் கேமராவுக்கான முகமாக இருந்தது. கல்யாணத்தில் தினம் பார்க்கிற முகம்தான், தாடையைக் கொஞ்சம் தூக்கி, உதட்டை இறுக்கி வைத்துக்கொள்வது. டிஜிட்டல் என்றால் அந்தப் பத்து நிமிஷத்தில் நூறு படம் எடுத்துக் கிளம்பியிருப்பேன். இங்கே ஃபோகஸ் பிடிக்கவே நேரம் ஆகிறது, ரோலில் மொத்தமே முப்பத்தாறு. ஒரு கிளிக்குக்கு ரோல், கழுவுகூலி எல்லாம் சேர்த்து முப்பது, நாற்பது ரூபாய் விழுகிறது. அதனால் கேமராவை இறக்கிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். பாவு அறுந்தால் இழை பிணைக்க எவ்வளவு நேரம் ஆகும், பையன் ஏன் தறியில் உட்காரவில்லை, முதுகுவலிக்கு எந்த டாக்டர் என்று பேச்சு போனது. பையன் சென்னையில் டெலிவரி வேலை பார்க்கிறான். அதைச் சொல்லும்போது அவர் கை தறியில் இருந்தது, கண் மட்டும் ஜன்னலுக்குப் போனது. கோடு ஒட்டியிருந்தது, எடுத்தேன்.

ஷட்டர் சத்தம் பெரிது. எவர்சில்வர் டிபன் பாக்ஸின் கொக்கியை அழுத்தி மூடுகிற மாதிரி ஒரு சத்தம். அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்து, "எங்க, காட்டுங்க தம்பி" என்று கேமராவின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். அங்கே இருப்பது கறுப்பு மூடி மட்டும். "இதுல தெரியாதுக்கா, கழுவித்தான் பார்க்கணும்." "ஓ, அந்தக் காலத்துப் பொட்டியா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். கேட்டதும் காட்ட முடியாமல் நிற்பது கல்யாணத்தில் பெரிய தொந்தரவு. இங்கே அதுவும் நல்லதாகப் போனது. படத்தைப் பார்த்து, "தலைமுடி சரியில்லை, இன்னொண்ணு எடுங்க" என்று யாரும் சொல்லவில்லை. அவர் தன் வேலையில் இருந்தார், நான் என் வேலையில்.

மெக்கரி படத்தைப் பற்றிய மனத்தாங்கலை இங்கே சொல்லிவிடுகிறேன். படம் அட்டையில் வந்து 17 வருஷம் வரை அந்தப் பெண்ணின் பெயர் எடுத்தவருக்கே தெரியாது. 2002-இல் தேடிப் போய்க் கண்டுபிடித்த பிறகுதான் அவர் ஷர்பத் குலா என்று உலகத்துக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் தன் முகம் எங்கெல்லாம் அச்சாகியிருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது. வெளிச்சம், நிறம், அந்தப் பார்வை என்று படத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இந்த அளவுக்கு மெதுவான கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கேட்க நேரமில்லை என்று சொன்னால் எனக்கு ஒப்பவில்லை. ஃபோகஸ் பிடிக்கிற நேரத்தில் கேட்டுவிடலாம். எஃப்.எம்.2-வின் பெருமையாக அந்தப் படத்தைச் சொல்லும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும்.

சரி, குறைகள். ஃபிலிம் ஓட்டும் லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தால்தான் மீட்டர் உயிர் பெறும், ஷட்டரும் திறக்கும். உள்ளே தள்ளினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். பையில் போட்டுக்கொண்டு அலைவதற்கு இது வசதி. ஆனால் இடக்கண்ணால் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த லீவர் நேராக நெற்றியில் குத்தும். நான் வலக்கண்காரன், தப்பித்தேன். என்னோடு வேலை செய்கிற தம்பி இடக்கண்ணால் பார்ப்பான். இரண்டு நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டான். கண்ணாடி போட்டவர்களுக்கு வியூஃபைண்டரின் மூலைகள் ஒரே பார்வையில் தெரியாது. அதுவும் 93 சதவீதம்தான் காட்டும். ஓரத்தில் நீங்கள் பார்க்காத சாக்கடையோ செருப்போ படத்தில் வந்து நிற்கும். மிகப் பழைய, 'ஏ.ஐ.' திருத்தம் (லென்ஸ் துளையின் அளவை மீட்டருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு) இல்லாத நிக்கான் லென்ஸ்களை இதில் மாட்டக் கூடாது. இதற்கு முந்தைய மாடலான முதல் எஃப்.எம்.-இல் மாட்டலாம், அதனால் பலர் குழம்புகிறார்கள்.

நம் ஊர் வெப்பத்துக்கு இன்னொரு தொல்லை இருக்கிறது. பின்மூடியின் ஓரத்திலும் கேமராவுக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடிக்கு மேலேயும் வெளிச்சம் நுழையாமல் இருக்க நுரை ஒட்டியிருப்பார்கள். வருஷங்கள் போனால் அது கறுப்புப் பிசினாக உருகிவிடும். என் கேமராவில் விரலை வைத்தால் தார் மாதிரி ஒட்டியது. சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, புது நுரை வெட்டி ஒட்ட ஒரு மத்தியானம் போனது. இதைப் பெரிய பழுது என்று நினைத்து யாரும் ஒதுக்க வேண்டாம். இதைச் சொல்லி விலை குறைக்கலாம்.

கேமராவைவிடப் பெரிய பிரச்சினை ரோலைக் கழுவுவது. ஒரு லேபில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். ஸ்கேன் செய்த படங்களை வாட்ஸாப்பில் அனுப்பினார்கள், நசுங்கிப்போன அளவில். நெகட்டிவ் எங்கே என்று கேட்டால், "நெகட்டிவ் வேணுமா சார்? யாரும் கேக்குறதில்ல, போட்டுட்டோம்" என்றார்கள். குப்பையில் போட்டுவிட்டார்களாம். கல்யாண நெகட்டிவை இருபது வருஷம் டப்பாவில் நம்பர் போட்டு வைத்திருந்த தொழில் இது. அன்றிலிருந்து கறுப்பு வெள்ளை ரோல் மட்டும் போடுகிறேன், வீட்டிலேயே கழுவுகிறேன்.

அது கஷ்டமான வேலை இல்லை. கறுப்புப் பைக்குள் கையை விட்டு, ரோலை ரீலில் சுற்றி, டாங்கில் போட்டு மூடினால் இருட்டு வேலை முடிந்தது. நான் போடுவது இல்ஃபோர்டு ஹெச்.பி.5, டெவலப்பர் டி-76. தண்ணீர் கலக்காத டெவலப்பரில் 20 டிகிரியில் ஏழரை நிமிஷம் என்பது கணக்கு. இந்த 20 டிகிரிதான் வேடிக்கை. சித்திரை மாசத்தில் எங்கள் மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரில் கையை வைக்க முடியாது. ஒரு அன்னக்கூடை நிறையத் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டி போட்டு, மருந்து பாட்டில்களை அதில் நிற்க வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இருபதுக்கு வந்ததும் ஊற்றிக் குலுக்க வேண்டும். கடைசி மருந்து முடிந்து டாங்கைத் திறந்தால், ஈர நெகட்டிவில் தறியும் ஜன்னலும் தலைகீழ் நிறத்தில் தெரியும். ஜன்னல் கறுப்பு, மனிதர் வெளுப்பு. முகத்தில் விவரம் விழுந்திருக்கிறதா என்று குழல்விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். விழுந்திருந்தது. கலர் ரோலுக்கு மருந்து 38 டிகிரி இருக்க வேண்டும். அதற்கு எங்கள் ஊர் வெயிலே பாதி வேலை செய்துவிடும். ஆனாலும் அந்த மருந்து விலைக்கு எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

ஐஸ் கட்டியோடு மல்லாடும்போது லின்னேயஸ் டிரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ராணுவக்காரரை நினைத்துக்கொள்வேன். 1858-இல் அவர் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைக் காகித நெகட்டிவில் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில், இதே வெயிலில், ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில். அவர் பட்ட பாட்டுக்கு என் அன்னக்கூடை ஒன்றுமே இல்லை.

ரோல் விலையைப் பார்க்கும்போது வேறொரு வருத்தமும் வருகிறது. ஊட்டியில் 1960-இல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. 1967-இல் உற்பத்தி ஆரம்பித்து, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோலும் பேப்பரும் எக்ஸ்ரே ஃபிலிமும் போட்டார்கள். நான் தொழிலுக்கு வந்தபோது அலமாரியில் அந்தப் பேப்பர் டப்பாக்கள் கிடந்தன. தரத்தைப் பற்றி மூத்தவர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் நம் ஊரில் கிடைத்தது. இன்றைக்கு ஒரு கறுப்பு வெள்ளை ரோலுக்கு இங்கிலாந்திலிருந்து வரும் சரக்கைத்தான் நம்பியிருக்கிறேன்.

யார் வாங்கலாம்? கல்யாணம் எடுத்துச் சம்பாதிக்க நினைக்கிறவர்கள் வேண்டாம். தாலி கட்டுகிற அரை நிமிஷத்தில் ரோல் முடிந்தால் மாமனார் விடமாட்டார். புதிதாகப் படம் பழகுகிறவர்களும் இதில் ஆரம்பிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கற்றுக்கொள்ள நிறையக் கெட்ட படம் எடுக்க வேண்டும், அதற்கு டிஜிட்டல்தான் மலிவு. ஏற்கெனவே படம் எடுக்கத் தெரிந்து, எடுத்து எடுத்துச் சலித்துப்போனவர்களுக்கு இது நல்ல கேமரா. என்னைப் போல.

வாங்கும்போது பின்மூடியைத் திறந்து ஷட்டர் தகட்டைப் பாருங்கள். நெளிவோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கக் கூடாது, விரலால் தொடவும் கூடாது. ஒரு நொடி, அரை நொடி, கால் நொடி என்று வரிசையாக அடித்துக் காதால் கேளுங்கள்; இழுத்துக்கொண்டு நின்றால் சர்வீஸ் வேண்டும். புது பேட்டரி நீங்களே கொண்டுபோங்கள். ஜன்னல் பக்கமும் சுவர் பக்கமும் திருப்பி, மூன்று விளக்கும் மாறி மாறி எரிகிறதா என்று பாருங்கள். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். நம் ஊர் ஈரத்தில் அது அதிகம். கேமராவின் வரிசை எண்ணுக்கு முன்னால் ஆங்கில 'என்' எழுத்து இருந்தால் இருநூற்று ஐம்பது ஃபிளாஷ் வேகம் உள்ள மாடல். அது இல்லாதது பழையது, ஃபிளாஷுக்கு இருநூறுதான். ரோல் மாட்டியதும் லீவரை ஓட்டும்போது இடப்பக்கக் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கவனியுங்கள். சுற்றவில்லை என்றால் ரோல் பிடிக்கவில்லை. அப்புறம், லேபில்தான் கழுவப் போகிறீர்கள் என்றால், கவர்மேல் "நெகட்டிவ் திரும்ப வேண்டும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.